அண்ணமும் எண்ணும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அண்ணப் பிளவுக்குச் செய்யப்பெறும் அறுவைச் சிகிச்சையைப் பற்றியும், அதற்குரிய கட்டணத்தைப் பெறுவதற்கு அங்கே வழங்கிவரும் எண் முறையைப் பற்றியும் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடல் கடந்த நாட்டு மருத்துவமனையின் கணக்கு வழக்கு நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். அந்தக் கணக்கை எழுதுவோரில் பல ஆயிரம் பேர் நம்முடைய பிள்ளைகளே என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். சென்னையிலும், கோயம்புத்தூரிலும், திருச்சிராப்பள்ளியிலும் 'மெடிக்கல் கோடிங்' என்ற பலகையைத் தாங்கிய அலுவலகங்கள் உள்ளன. அங்கே அமர்ந்து அமெரிக்க டாக்டர்களின் குறிப்புகளைப் படித்து அவற்றை எண்களாக மாற்றுவோரில், தாவரவியலும் நுண்ணுயிரியலும் மருந்தியலும் கற்ற இளைஞரும் இளம்பெண்களும் மிகுதி. என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தி அவ்வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறாள். தொழிலின் இலக்கணத்தை எனக்குப் பாடம் சொன்னவள் அவளே. நோயாளியின் பெயரையோ குறிப்பையோ அவள் காட்டியதில்லை, காட்டவும் கூடாது. விதி நூல்களை மட்டும் விரித்து வைத்து விளக்கினாள். அவற்றை நானும் இருந்து படித்தேன்.

முதலில் அண்ணம் என்பது யாது என்று பார்ப்போம். வாயின் மேற்கூரையே அண்ணம். அதன் முன்பகுதி எலும்பால் ஆனது. அதை வல்லண்ணம் என்கிறோம். பின்பகுதி தசையால் ஆனது; அது மெல்லண்ணம். மெல்லண்ணத்தின் நுனியில் தொங்குவது உள்நாக்கு. கருவில் இருக்கும்போது இந்தக் கூரை இரண்டு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டிக்கொள்கிறது. மேலுதடு கருவுற்ற 4 முதல் 7 வாரங்களுக்குள்ளும், அண்ணம் 6 முதல் 9 வாரங்களுக்குள்ளும் உருவாகின்றன. ஒட்ட வேண்டியது ஒட்டாமல் நின்றுவிட்டால் பிளவு. உதட்டில் மட்டும் பிளவு இருக்கலாம்; அண்ணத்தில் மட்டும் இருக்கலாம்; இரண்டிலும் இருக்கலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,600 குழந்தைகளுக்கு ஒன்று உதடும் அண்ணமும் பிளந்தும், 1,700 குழந்தைகளுக்கு ஒன்று அண்ணம் மட்டும் பிளந்தும் பிறக்கின்றன என்று அந்நாட்டு அரசின் நோய்த்தடுப்பு மையம் கூறுகிறது.

உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரியும். அண்ணப் பிளவு தெரியாது. ஆனால் காதுக்குத் தெரியும். தமிழாசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துக்கள் பிறக்கும் உறுப்புகளில் மூக்கையும் அண்ணத்தையும் தனித்தனியே எண்ணி வைத்திருக்கிறது. வல்லினத்தை ஒலிக்கும்போது மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைத்துக்கொள்கிறது; காற்று வாயில் தேங்கி வெடித்து வெளிவருகிறது. மெல்லினத்தை ஒலிக்கும்போது அந்தக் கதவு திறந்திருக்கிறது. பிளந்த அண்ணத்தில் கதவே இல்லை. ஆகவே வல்லினம் பிறக்க வேண்டிய இடத்தில் காற்று மூக்கிற்குள் ஓடிவிடுகிறது. பகரம் மகரத்தைப் போலவும், தகரம் நகரத்தைப் போலவும் கேட்கும். என் வகுப்பிலே அப்படிப் பேசிய சிறுவன் ஒருவன் இருந்தான். கணக்கில் அவனுக்கு இணை வகுப்பில் இல்லை. ஆனால் வாய்விட்டு விடை சொல்ல மாட்டான். சிலேட்டில் எழுதித்தான் காட்டுவான். குழந்தையாக இருக்கும்போதே அண்ணத்தைத் தைத்திருந்தார்கள். ஆயினும் தைத்த அண்ணம் குட்டையாக இருந்தமையால் தொண்டையின் பின்சுவரை எட்டவில்லை. தையல் போட்டாகிவிட்டது, குறை தீரவில்லை. இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

பேச்சோடு தொல்லை நிற்பதில்லை. பிளந்த அண்ணமுடைய குழந்தையால் பாலை உறிஞ்ச முடிவதில்லை. நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு வரும் குழாயைத் திறந்து மூடும் தசை அண்ணத்தோடு இணைந்தது; அது சரியாக இயங்காமையால் செவியில் நீர் தேங்கிக் கேள்வி மங்குகிறது. பற்கள் முளைக்கும் எலும்பு விளிம்பும் பிளந்திருந்தால் அவ்விடத்துப் பல் நிலைகொள்வதில்லை. ஆதலால் இக்குறைக்கு மருத்துவம் ஒரு நாளில் முடிவதன்று. உதட்டைச் சில மாதங்களிலும், அண்ணத்தைப் பெரும்பாலும் 18 மாதங்களுக்குள்ளும் தைக்கிறார்கள். பேச்சு சரிப்படாவிட்டால் பள்ளி செல்லும் வயதை ஒட்டி மற்றொரு சிகிச்சை. கோரைப்பல் இறங்குவதற்கு முன்னர், ஏறக்குறைய எட்டு முதல் பதினொரு வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்துப் பல்விளிம்பில் பதிக்கிறார்கள். வளர்ச்சி முடிந்தபின் மூக்கையும் தாடையையும் சீர்செய்வதும் உண்டு.

இனி, இதற்கெல்லாம் பணம் கொடுப்பவர் யார்? அமெரிக்காவில் பெரும்பாலோர்க்கு மருத்துவச் செலவை ஏற்பது இன்ஷூரன்ஸ் ஆகும். வேலை கொடுப்பவர் வழியாகக் கிடைப்பதே மிகுதி. வருவாய் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 'மெடிகெய்டு' என்னும் அரசுத் திட்டம் உள்ளது. அதன் சட்டத்தில் 1967 இல் சேர்க்கப்பட்ட ஒரு பகுதியின்படி, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேவையான சிகிச்சையை ஏற்றாக வேண்டும். பணம் கொடுப்பவர் யாராயினும், டாக்டர் எழுதிய நான்கு பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு அவர்கள் பணம் தருவதில்லை. எண்களைக் கேட்கிறார்கள். எந்தெந்த எண் வரிசைகளைப் பயன்படுத்த வேண்டும் என்பதை 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

எண் வரிசைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று நோயின் பெயரைச் சொல்வது. மற்றொன்று செய்த செயலைச் சொல்வது. இலக்கணம் கற்பித்த பழக்கத்தால் இவற்றைப் பெயர்ச்சொல் என்றும் வினைச்சொல் என்றும் கொண்டேன். கொண்டபின் பாடம் எளிதாயிற்று.

பெயர்ச்சொல் வரிசைக்கு 'ஐ.சி.டி.' என்று பெயர். 1893 இல் பெர்த்தில்லோன் என்னும் பிரெஞ்சுப் புள்ளியியலார் மரண காரணங்களுக்கு வகுத்த பட்டியலே இதன் மூலம். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பேணி வருகிறது. இதன் பத்தாம் திருத்தத்தை அமெரிக்கர் தமக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் வழங்குகிறார்கள். அதில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட எண்கள் உள்ளன. பிறவிக் குறைகள் அனைத்தும் 'கியூ' என்னும் எழுத்தில் தொடங்கும். கியூ 35 அண்ணப் பிளவு. கியூ 36 உதட்டுப் பிளவு. கியூ 37 இரண்டும் சேர்ந்தது. புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் நுட்பத்தைச் சொல்கிறது. கியூ 35.1 என்றால் வல்லண்ணம் மட்டும், 35.3 என்றால் மெல்லண்ணம் மட்டும், 35.5 என்றால் இரண்டும், 35.7 என்றால் உள்நாக்கு மட்டும். 35.9 என்பது 'பிளவு உண்டு, எங்கே என்று சொல்லவில்லை' என்று பொருள்படும். கேள்விக்கு விடை தெரியாத மாணவன் 'ஏதோ ஒன்று' என்று எழுதுவது போன்றதே இந்த 35.9. சோம்பேறிகளுக்கு இது இனிய எண். பணம் கொடுப்பவருக்கோ ஐயத்தைக் கிளப்பும் எண்.

வினைச்சொல் வரிசைக்குச் 'சி.பி.டி.' என்று பெயர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 இல் முதன்முதல் வெளியிட்டது. அப்போது நான்கு இலக்கம், 1970 இல் ஐந்து இலக்கமாயிற்று. டாக்டர்கள் தம் கூலியைக் கேட்பது இந்த எண்ணால்தான். மருத்துவமனை தன்னிடம் தங்கிச் சிகிச்சை பெறுவோர்க்கு எழுதும் செயல் எண்கள் வேறு வகை. அதற்குள் நாம் போக வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நோய் எண்களின் புத்தாண்டு அக்டோபர் 1. செயல் எண்களின் புத்தாண்டு ஜனவரி 1. ஒரே வேலைக்கு இரண்டு பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். இடப்பக்கத்து உதடும், வல்லண்ணமும், மெல்லண்ணமும் பிளந்து பிறந்திருக்கிறது. அதன் நோய் எண் கியூ 37.5. ஒருபக்க உதட்டுப் பிளவோடு கூடிய வல்லண்ண, மெல்லண்ணப் பிளவு என்பது பொருள். இடமா வலமா என்று இந்த எண் கேட்பதில்லை. ஒருபக்கமா, இருபக்கமா என்றுதான் கேட்கிறது. உதட்டைத் தைப்பதற்குச் செயல் எண் 40700. இதுவே இருபக்கப் பிளவாக இருந்து, ஒரே அமர்வில் தைத்தால் 40701. இரண்டு அமர்வுகளாகப் பிரித்துத் தைத்தால் ஒவ்வோர் அமர்வுக்கும் 40702. டாக்டர் தலைப்பில் 'இருபக்க உதட்டுத் தையல்' என்று மட்டும் எழுதியிருப்பார். இது முழுமையா, பாதியா என்பது குறிப்பின் உள்ளே எங்கோ ஒரு வரியில் இருக்கும். தலைப்பைப் பார்த்து எண் போடுகிறவர் இங்கே வழுக்கி விழுவார். வினாத்தாளின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு எழுதத் தொடங்கும் மாணவர்களை நாற்பதாண்டுக் காலம் கண்டவன் ஆதலால் எனக்கு இது வியப்பாக இல்லை.

அடுத்து அண்ணம். வல்லண்ணத்தையோ மெல்லண்ணத்தையோ, இரண்டையுமோ தைத்தால் 42200. பல்விளிம்பையும் சேர்த்துச் சதையளவில் மூடினால் 42205. அதில் எலும்பும் பதித்தால் 42210. முன்பு தைத்ததைப் பெரிய அளவில் மீண்டும் சீர்செய்தால் 42215. குட்டையான அண்ணத்தைப் பின்னர் நீட்டினால் 42220. தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு மடலை எடுத்து மெல்லண்ணத்தோடு இணைத்தால் 42225. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் தனி எண் உண்டு; அண்ணத் தையலுக்கு 00172.

இதில் 42210 ஐச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அதன் விளக்கத்திலேயே 'பதிக்கும் எலும்பை எடுப்பதும் அடங்கும்' என்று இருக்கிறது. இடுப்பிலே வேறொரு கீறல் போட்டு, வேறொரு வேலை செய்திருக்கிறோமே, அதற்கும் ஓர் எண் எழுதிக் கூலி கேட்கலாமே என்று தோன்றும். கேட்கக் கூடாது. ஒன்றுள் ஒன்று அடங்கியதைப் பிரித்து எழுதி இருமுறை பணம் வாங்குவது அங்கே குற்றம். அரசுத் திட்டத்தின் பணமாக இருந்தால் 1863 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாயும். உள்நாட்டுப் போரின்போது படைக்குப் போலிச் சரக்குகளை விற்றவர்களைப் பிடிக்க இயற்றிய சட்டம் அது. இன்று மருத்துவக் கணக்குகளையும் அதே சட்டத்தால் பிடிக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. அண்ணத்தைத் தைக்கும் அதே மயக்கத்தில் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது வழக்கம் என்றேன் அன்றோ? செவியில் தேங்கிய நீருக்காக அது. இதற்கு எண் 69436. இரண்டு காதிலும் வைத்தால் அதோடு 50 என்னும் துணை எண்ணைச் சேர்க்க வேண்டும். இது அண்ணத் தையலில் அடங்காது. நியாயமாகத் தனியே கேட்கலாம். ஆயினும் மனுப்படிவத்தில் ஒவ்வொரு செயல் வரிக்கும் எதிரே அது எந்த நோய்க்காகச் செய்யப்பட்டது என்று ஓர் எழுத்தால் சுட்டிக்காட்ட வேண்டும். காதுக்குழாய் வரி, செவி நீர்க்கோவையின் எண்ணாகிய எச் 65.23 ஐச் சுட்ட வேண்டும். அவசரத்தில் அண்ணப் பிளவின் எண்ணையே சுட்டிவிட்டால், 'அண்ணத்துக்குக் காதில் ஏன் குழாய்?' என்று கேட்டு மறுத்துவிட இடமாகிறது. எழுவாயும் பயனிலையும் இயையாத வாக்கியம் அது. இலக்கண வழுவுக்கு மதிப்பெண் குறைப்பதோடு நாங்கள் விட்டோம். அங்கே ஒரு குடும்பத்தின் வீட்டுக்குக் கட்டணச் சீட்டு வருகிறது.

துணை எண் என்று சொன்னேன், அவை வினையடைகள். அண்ணத் தையலுக்குப் பின் 90 நாள் வரை அதே டாக்டர் செய்யும் வழக்கமான கவனிப்புக்குத் தனிக் கூலி இல்லை. எல்லாம் முதல் கூலியில் அடக்கம். அந்த 90 நாளுக்குள் மீண்டும் அறுவை அறைக்குப் போக நேர்ந்தால், ஏன் போனார்கள் என்பதே கேள்வி. முன்னரே திட்டமிட்ட இரண்டாம் கட்டமாயின் 58. இரத்தம் கசிந்தது போன்ற எதிர்பாராத தொல்லையாயின் 78. முன்னதற்கு முழுக் கூலி; பின்னதற்கு அறுவை அறையில் செய்த வேலைக்கு மட்டும். 4 கிலோவுக்குக் குறைந்த சிசுவுக்குச் செய்தால் 63 என்ற துணை எண் உண்டு. ஆனால் உதட்டைத் தைக்கப் பத்து வாரம், பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின் என்னும் பழைய 'பத்துகளின் விதி'யை டாக்டர்கள் மதிக்கும் வரையில் அதற்கு வேலை குறைவு; பத்து பவுண்டு நாலரைக் கிலோவாயிற்றே.

நிற்க. இதுவரை சொன்னவை கவனமும் பயிற்சியும் இருந்தால் சரியாகச் செய்யக்கூடியவை. இனிச் சொல்லப்போவதுதான் கடினமான இடம். இதற்காகவே இப்பொருளைப் பேச எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்க நோய் எண் விதிகளில் பிறவிக் குறைகளைப் பற்றி ஒரு விதி உள்ளது. பிறவிக்குறை இருக்கும் வரையில், நோயாளிக்கு எத்தனை வயதாயினும் 'கியூ' எண்ணை எழுதலாம். குறை திருத்தப்பட்டுவிட்டதாயின் 'கியூ' எண்ணை விட்டுவிட்டு, 'முன்பு இருந்தது' என்று சொல்லும் வரலாற்று எண்ணை எழுத வேண்டும். திருத்தப்பட்ட உதட்டு, அண்ணப் பிளவுக்குரிய வரலாற்று எண் இஸட் 87.730. அஃதாவது, 'கியூ' நிகழ்காலம், 'இஸட்' இறந்தகாலம்.

விதி தெளிவாகவே இருக்கிறது. தெளிவில்லாதது குழந்தையின் வாய். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவனுக்கு உதடு தைத்தாயிற்று, அண்ணம் தைத்தாயிற்று, பல்விளிம்பில் மட்டும் பிளவு இன்னும் திறந்திருக்கிறது, எலும்பு பதிக்க வந்திருக்கிறான். இவன் குறை திருத்தப்பட்டதா, இல்லையா? குறிப்பின் தொடக்கத்தில் டாக்டர் 'முன்பு அண்ணப் பிளவு திருத்தப்பட்ட சிறுவன்' என்று எழுதியிருப்பார். மருத்துவர்களின் பேச்சுவழக்கில் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு இறந்தகால எண்ணைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? முடிந்துபோன குறைக்கு இன்று எதற்கு எலும்பு என்று இன்ஷூரன்ஸ்காரர் கேட்பார். பல் சம்பந்தமான வேலை, எங்கள் திட்டத்தில் சேராது என்பார். பல் இன்ஷூரன்ஸை அணுகினால், இது மருத்துவ அறுவை, எங்களைச் சேராது என்பார்கள். நடுவில் நிற்பது கோரைப்பல் இறங்கக் காத்திருக்கும் பிள்ளை. பல் இறங்கும் காலம் கடிதப் போக்குவரத்துக்காகக் காத்திருக்காது.

என் வகுப்புச் சிறுவனை இங்கே எண்ணிப் பாருங்கள். தையல் போட்டாகிவிட்டது என்பதால் அவன் குறை இறந்தகாலமா? பகரம் மகரமாக ஒலித்த வரையில் அது நிகழ்காலமே. அதை வாயைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாது. பேசச் சொல்லிக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். மூக்கில் கசியும் ஒலியைக் கருவியால் அளந்தும் சொல்கிறார்கள். பேச்சுப் பயிற்சியாளரின் அறிக்கை குறிப்போடு இருந்தால் எண் எழுதுகிறவருக்கு வழி தெரியும், இல்லாவிட்டால் இருட்டு.

மூக்கின் விஷயம் இதனினும் கூர்மையானது. உதட்டுப் பிளவுள்ளவர்களுக்கு அந்தப் பக்கத்து மூக்குத் துளை சரிந்தே வளர்கிறது. இளமைப் பருவத்தில் அதைச் சீர்செய்வதற்கு 30460, 30462 என்று இரண்டு எண்கள் உள்ளன. பிறவிப் பிளவினால் வந்த மூக்குக் கோணலைத் திருத்துதல் என்று அவற்றின் விளக்கத்திலேயே இருக்கிறது. பொதுவாக மூக்கைச் சீர்செய்யும் எண் 30400 இல் தொடங்கும் வேறு வரிசை. கத்தி ஒன்றே, கை ஒன்றே. முன்னதை எழுதினால் குறை நீக்கம், பின்னதை எழுதினால் அழகுக்காகச் செய்தது என்று கருத இடமுண்டு. அழகுச் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் பணம் தருவதில்லை. இயல்பாக அமைந்த உறுப்பை மேலும் அழகுபடுத்துவது வேறு, பிறவியிலேயே பிறழ்ந்த உறுப்பைச் சீர்ப்படுத்துவது வேறு என்னும் பாகுபாடு அமெரிக்க மருத்துவ உலகில் நெடுங்காலமாக ஏற்கப்பட்டதே. ஆனால் பாகுபாட்டை மெய்ப்பிப்பது அந்த ஐந்திலக்கமும், அதற்குத் துணை நிற்கும் நோய் எண்ணும்.

அப்படியானால் குறியீடு எழுதுகிறவர் இரக்கப்பட்டு நிகழ்காலத்தையே எப்போதும் எழுதிவிடலாமே என்று கேட்கலாம். நான் இதை அந்த மாணவியிடம் கேட்டேன். "ஐயா, டாக்டர் எழுதாததை நான் எழுதினால் அது பொய்க்கணக்கு" என்றாள். எழுதப்படாதது நடக்கவில்லை என்பது அத்தொழிலின் முதல் விதி. ஐயம் இருந்தால் டாக்டருக்கு எழுதிக் கேட்கலாம். கேட்கும் முறைக்கும் கட்டுப்பாடு உண்டு. 'பிளவு இன்னும் உள்ளது என்று எழுதுகிறீர்களா?' என்று விடையை வாயில் ஊட்டிக் கேட்கக் கூடாது. சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்கும் வக்கீலின் கேள்வி அது. 'தற்போதைய நிலையை விளக்கி எழுதுக' என்று நடுநிலையாகக் கேட்க வேண்டும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வினா அமைக்கும் முறையைப் பற்றி எங்களுக்குச் சொன்னதும் இதுவே. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை குறிப்புகள் முடித்தாக வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் அலுவலகத்தில், கேட்டுக் காத்திருப்பதற்கு மனத்திண்மை வேண்டும். கேட்பவரை வேகம் குறைந்தவர் என்று எண்ணும் மேற்பார்வை தவறானது என்பது என் கருத்து. அவர் கேட்காவிட்டால் அந்தக் கேள்வியை மூன்று மாதம் கழித்துப் பிள்ளையின் தாய் கேட்க வேண்டிவரும்.

மறுப்பு வந்துவிட்டால் குடும்பம் என்ன செய்யலாம்? 2010 ஆம் ஆண்டு மருத்துவக் காப்புச் சட்டத்தின்படி, மறுப்புக் கடிதம் கிடைத்த 180 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். அங்கும் மறுத்தால், மருத்துவ முடிவைப் பற்றிய வழக்காயின், நான்கு மாதத்துக்குள் நிறுவனத்தைச் சாராத வெளியார் ஒருவரின் பரிசீலனையைக் கேட்கலாம். அறுவை நிபுணரின் கடிதமும், பேச்சு, பல் நிபுணர்களின் அறிக்கைகளும், புகைப்படங்களும் உடன் செல்ல வேண்டும். இவற்றோடு, மறுக்கப்பட்ட மனுவில் எந்தெந்த எண்கள் இருந்தன என்று முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. எண் தவறியிருந்தால் மருத்துவமனை திருத்திய மனுவை அனுப்பலாம், வாதமே வேண்டியிருக்காது.

எண் சரியாக இருந்தும் பணம் மறுக்கப்படுவது உண்டு. பிளவுச் சிகிச்சையை ஏற்க வேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன. ஆயினும் பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் திட்டங்களை 1974 ஆம் ஆண்டு மத்திய சட்டம் மாநிலச் சட்டங்களின் பிடியிலிருந்து விலக்கிவிட்டது. ஒரே தெருவில் வாழும் இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்குப் பல் சீரமைப்பு கிடைக்கிறது, மற்றவனுக்கு இல்லை. இருவருக்கும் எண் கியூ 37.5 தான். இந்த வேறுபாட்டைப் போக்க, பிறவிக்குறைக்கான சிகிச்சை முழுவதையும், பல் சம்பந்தப்பட்டதையும் சேர்த்து, நாடெங்கும் ஏற்கச் செய்யும் மசோதா ஒன்றை 2022 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸின் கீழவை நிறைவேற்றியது. மேலவையில் அது அந்தக் கூட்டக்காலம் முடிவதற்குள் நிறைவேறாமையால் சட்டமாகவில்லை.